"மாமா, எல்லாம் நிண்டுட்டு": ஃபாக்டோரியோவில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

இரவு பத்தரைக்குப் பிறகு என் போனுக்கு வருகிற படங்களில் பாதிக்கு மேல் ஃபாக்டோரியோதான், தொழிற்சாலை கட்டி ஓட்டுகிற கணினி விளையாட்டு. களுவாஞ்சிக்குடியில் இருக்கும் மருமகன் தொடங்கிவைத்தான். பிறகு அவனுடைய ரியூசன் கூட்டாளிகள், மறுகா அவர்களுடைய அண்ணன்மார். எல்லாரும் அனுப்புவது ஒரே வரி: "மாமா, எல்லாம் நிண்டுட்டு." ஒவ்வொருத்தனுக்கும் விரல் தேயத் தேய எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகப் போடுகிறேன். உங்கள் தொழிற்சாலை எதில் நிற்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

எண்கள் 2024 ஒக்டோபரில் வந்த 2.0 பதிப்புக்குரியவை. மோட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் கோப்பு) ஏதும் போட்டிருந்தால் கணக்கு மாறும். பெல்ட்டில் ஓடுகிற சாமானை எடுத்து இயந்திரத்துக்குள் போடுகிற இன்சேர்ட்டரை நாங்கள் 'கை' என்றும், ஆராய்ச்சிக்குச் செலவாகிற பொதிகளைப் 'போத்தல்' என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கேயும் அப்படித்தான் வரும்.

## எதற்கும் முதல்: பசியா, அடைப்பா?

கரண்ட் இல்லாததை விட்டால், ஓர் இயந்திரம் இரண்டே காரணத்துக்குத்தான் நிற்கும். வரவேண்டியது வரவில்லை என்றால் பசி. செய்து முடித்ததைக் கொண்டுபோக இடமில்லை என்றால் அடைப்பு. மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் எது என்று விளையாட்டே சொல்லும். பசி என்றால் பொருள் வந்த வழியே மேலே நடவுங்கள். அடைப்பு என்றால் பொருள் போகிற வழியே கீழே நடவுங்கள். நின்ற இடத்திலேயே பிழை இருப்பது அபூர்வம்.

எங்கள் பெரியப்பா உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். கடைசி வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அந்த வயலுக்குள் நின்று மண் வெட்டமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டு, வாய்க்கால் கட்டோடு மேலே நடப்பார், எவன் வக்கடையை (வரம்பில் தண்ணீர் விடுகிற வாய்)த் திறந்துவிட்டிருக்கிறான் என்று பார்க்க. பொடியன்மார் செய்வது நேர்மாறு. நின்ற இயந்திரத்தைக் கழற்றி அதே இடத்தில் திரும்பப் பூட்டுவார்கள். அது திரும்பவும் நிற்கும்.

இரண்டு பொத்தானை மட்டும் மனத்தில் வையுங்கள். ஆல்ட் அழுத்தினால் ஒவ்வொரு இயந்திரமும் என்ன செய்கிறது என்று மேலே படம் தெரியும். இதை அழுத்தாமல் மூன்று மாதம் விளையாடிய ஒருத்தனை எனக்குத் தெரியும். பீ அழுத்தினால் எது எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு செலவு என்று கோட்டுப்படம் வரும்.

## அறிகுறி: எல்லாமே மெதுவாகிறது, மின்னல் குறி மினுங்குகிறது

எனக்கு அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான். முதலில் குறியைப் பாருங்கள். பிளக் குறி என்றால் அந்த இயந்திரத்துக்குக் கம்பத்தின் எல்லை எட்டவில்லை. ஒரு கம்பம் நட்டால் முடிந்தது. மின்னல் குறி என்றால் கரண்ட் வருகிறது, ஆனால் காணாது, போதாது. ஏதாவது ஒரு மின்கம்பத்தைக் கிளிக் செய்யுங்கள். கேட்கிற அளவும் கொடுக்கிற அளவும் அங்கே இருக்கும்.

கரண்ட் தருகிற நீராவி எஞ்ஜின்கள் சில மட்டும் ஓடவில்லையா? கரி எரிக்கிற பொயிலர் வரிசையின் கடைசிக்கு நடவுங்கள். தொடக்கத்துக்கு அல்ல, கடைசிக்கு. மருமகனுடைய கதை இதுதான். கரண்ட் காணாது என்று 12 பொயிலரைக் கூடுதலாக வைத்துவிட்டுப் படம் அனுப்பினான். படத்தில் முதல் ஐந்து பொயிலரும் நன்றாக எரிகின்றன. "கடைசிக்குப் போ மனே" என்றேன். போனான். நிலக்கரி பெல்ட்டின் நுனியில் கல். கரியும் கல்லும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற இடத்தில் ட்ரில்லை வைத்திருக்கிறான், அது இரண்டையும் தோண்டிப் பெல்ட்டில் போட்டிருக்கிறது. கல்லைப் பொயிலரின் கை எடுக்காது. ஆகவே கல் நுனியில் சேர்ந்து, பின்னோக்கி வளர்ந்து, கடைசிப் பொயிலரிலிருந்து ஒவ்வொன்றாகப் பட்டினி போட்டுக்கொண்டு வருகிறது. அவன் புதிதாக வைத்த 12-ம் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. பெல்ட்டின் மேல் நின்று எஃப் பொத்தானைப் பிடித்துக் கல்லைப் பொறுக்கி எடுத்து, அந்த ட்ரில்லைக் கழற்றினால் வேலை முடிந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

எல்லா எஞ்ஜினும் ஓடியும் காணாதா? அப்படியென்றால் உண்மையாகவே கூட்டவேண்டும். 1 பொயிலருக்கு 2 எஞ்ஜின். பொயிலர் 1.8 மெகாவாட், எஞ்ஜின் 900 கிலோவாட். பழைய வீடியோக்களில் ஒரு நீர்ப்பம்புக்கு 20 பொயிலர், 40 எஞ்ஜின் என்பார்கள். 2.0-க்குப் பிறகு ஒரு பம்பு 200 பொயிலருக்குத் தண்ணீர் கொடுக்கும். ஆகவே பம்பை வாங்கிக் குவிக்காதீர்கள், நிலக்கரியைப் பாருங்கள். நிறைந்து ஓடுகிற ஒரு மஞ்சள் பெல்ட் 33 பொயிலருக்குத்தான் காணும்.

மெதுவாகி, இன்னும் மெதுவாகி, கடைசியில் செத்தே போகிறதா? கரித் தோண்டுகிற ட்ரில் மின்சாரத்தில் ஓடுகிறது, மின்சாரம் கரியில் ஓடுகிறது. கரண்ட் குறைந்தால் ட்ரில் மெதுவாகும், கரி குறையும், கரண்ட் இன்னும் குறையும். காத்திருந்தால் தானாகத் திரும்பாது. செய்யவேண்டியது வரிசையாக: தொழிற்சாலைக்குப் போகிற கம்பம் ஒன்றைக் கழற்றிப் பெரிய செலவைத் துண்டியுங்கள். கையில் இருக்கிற கரியை, கன்ட்ரோலைப் பிடித்துக் கிளிக் செய்து, பொயிலர்களுக்குள் போடுங்கள். எஞ்ஜின்கள் எழும்பியதும் கம்பத்தைத் திரும்ப நடுங்கள். பிறகு, பொயிலருக்குக் கரி போடுகிற கைகளை எல்லாம் எரிபொருளில் ஓடுகிற பழைய கைகளாக மாற்றுங்கள். அவை தூக்குகிற கரியிலேயே தாங்களும் தின்றுகொள்ளும், கரண்ட் போனாலும் நிற்காது. முதல் மணித்தியாலத்திலேயே எல்லாரும் கழற்றி எறிகிற பொருள் அது. இந்த ஒரு இடத்தில் அதற்கு ஈடு கிடையாது.

கடைசி வழி, செலவு கூடிய வழி, சோலார். ஒரு பனல் இரவு பகல் சேர்த்துச் சராசரியாக 42 கிலோவாட் தரும். ஓர் எஞ்ஜினுக்கு ஈடாக 21, 22 பனல் வேண்டும், இரவுக்குச் சேமிப்புக்கலம் வேறு. பெல்ட்டில் ஒரு கல் கிடந்ததற்காக இவ்வளவு தூரம் போகாதீர்கள்.

## அறிகுறி: பெல்ட் நிறையச் சாமான் இருக்கிறது, இயந்திரம் எடுக்கவில்லை

பார்க்கவேண்டிய ஒழுங்கு:

கை திரும்பிக் கிடக்கிறதா? ஆல்ட் அழுத்தினால் அதன்மேல் அம்புக்குறி தெரியும். ஆர் பொத்தானால் திருப்புங்கள். வெட்கப்படவேண்டாம், எனக்கு இன்னும் நடக்கிறது.

கையில் என்ன இருக்கிறது? கிட்டப் பெரிதாக்கிப் பாருங்கள். இயந்திரத்தின் வேலையை இடைநடுவில் மாற்றியிருந்தால், கை பழைய வேலைக்காக எடுத்த செம்புக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உறைந்து நிற்கும். போடவும் இடமில்லை, விடவும் தெரியாது. அந்தக் கையைக் கழற்றித் திரும்ப வையுங்கள்.

பெல்ட்டின் இரண்டு தடமும் ஓடுகிறதா? ஒவ்வொரு பெல்ட்டிலும் இரண்டு தடம் உண்டு. கை எப்போதும் தனக்குத் தூரத்தில் இருக்கும் தடத்தில்தான் போடும். ஒரே பக்கம் நின்று எல்லாக் கைகளும் போட்டால் ஒரு தடம் நெருக்கியடிக்கும், மற்றது வெறும் றோட்டு. பிழை மாதிரித் தெரியும், ஆனால் பிழை இல்லை. சிவப்புப் போத்தலுக்கு ஒரே பெல்ட்டில் பற்சில்லை ஒரு தடத்திலும் செம்பை மறு தடத்திலும் அனுப்புவதே இதை வைத்துத்தான்.

மூன்றாவது சாமான் ஒன்று கலந்துவிட்டதா? கலந்தால் அது நுனியில் போய் உட்காரும். கல் கதைதான் திரும்பவும்.

இந்த நாலையும் பார்த்தும் நிற்கிறது என்றால் நீங்கள் ஏதோ ஒன்றைப் பார்க்கவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

## அறிகுறி: இரும்பு காணவே காணாது

எல்லாருக்கும் காணாது. காரணத்தை மலிவிலிருந்து பாருங்கள்.

எவனாவது வக்கடையைத் திறந்துவிட்டிருக்கிறானா? ஏதாவது ஒரு பெட்டிக்குள் ஓர் அசெம்பிளர் (சாமான் செய்கிற இயந்திரம்) விடாமல் எதையாவது போட்டுக்கொண்டிருக்கும். ஒரு மரப்பெட்டியில் 16 இடம். பெல்ட் என்றால் இடத்துக்கு 100, பெட்டிக்கு 1600. ஒரு பெல்ட்டுக்கு ஒன்றரைத் தகடு போகிறது, ஆகவே அந்த ஒரு பெட்டி நிறைவதற்குள் 2400 இரும்புத் தகடு. யாருக்கு வேண்டும் 1600 பெல்ட்? பெட்டியைத் திறந்தால் மூலையில் சிவப்புப் புள்ளடி இருக்கும். அதை இழுத்து இரண்டு மூன்று இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடையுங்கள். ஐந்து பெட்டி இப்படிக் கிடந்தால் உங்கள் இரும்பெல்லாம் அங்கேதான்.

ஊற்று காணுமா? பெல்ட்டைச் சிவப்பாக மாற்றுவது எல்லாரும் முதலில் செய்கிற வேலை, எல்லாருக்கும் வீண்போகிற வேலை. மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 கொண்டுபோகும், சிவப்பு 30. ஆனால் மின் ட்ரில் ஒன்று நொடிக்கு அரைதான் தோண்டும். 10 ட்ரில் வைத்திருக்கிறவனுக்கு எந்த நிறப் பெல்ட்டிலும் ஐந்துதான் வரும். வாய்க்காலை அகட்டினால் குளம் நிறையாது. மஞ்சள் பெல்ட் முழுதாக நிறைய 30 ட்ரில்லும் 48 கல்லுலையும் வேண்டும்.

கேட்பது எவ்வளவு? இதை ஒருதடவையாவது கொப்பியில் போட்டுப் பாருங்கள். சிவப்புப் போத்தல் ஒன்றுக்கு 2 இரும்பு, 1 செம்பு. பச்சைப் போத்தல் ஒன்றுக்கு, கையும் பெல்ட்டும் சேர்ந்து, ஐந்தரை இரும்பு, ஒன்றரைச் செம்பு. நொடிக்கு ஒவ்வொன்று வேண்டும் என்றால் இரும்பு ஏழரை: மஞ்சள் பெல்ட்டின் சரி பாதி, 15 ட்ரில், 24 உலை. சிவப்புப் போத்தல் சத்தமில்லாமல் ஓடியதே என்று பச்சையைத் தொடங்கியதும் எல்லாம் இழுபடுவதற்குக் காரணம் இதுதான். பச்சைதான் இரும்பு தின்னி. பச்சை சேர்கிட் (மின்சுற்று) செய்யும்போது கம்பி அசெம்பிளர் 3-க்குச் சேர்கிட் அசெம்பிளர் 2 என்ற விகிதத்தையும் குறித்து வையுங்கள். தலைகீழாக வைத்திருக்கிறவர்கள் ஏராளம்.

நிலத்தில் முடிந்துவிட்டதா? ட்ரில்லின் மேல் மவுஸை வைத்தால் மிச்சம் தெரியும். முடிகிறது என்றால்தான் புதிய வயல், ரயில், மற்றச் செலவெல்லாம்.

## அறிகுறி: எண்ணெய் ஆலை நின்றுவிட்டது, கச்சா எண்ணெய் நிறையவே இருக்கிறது

அடைப்பு. கரண்டும் தண்ணீரும் வருகிறது என்றால் தொண்ணூறு வீதம் அல்ல, எப்போதுமே அடைப்பு.

அடிப்படை முறையில் 100 கச்சாவுக்கு 45 பெற்றோலிய வாயு மட்டும் வரும். அதில் இந்தத் தலையிடி இல்லை. உயர் முறைக்கு மாறியதும் 100 கச்சாவும் 50 தண்ணீரும் போய், 25 கனஎண்ணெய், 45 மெல்லெண்ணெய், 55 வாயு என்று மூன்று வெளியே வரும். மூன்றில் ஒன்று போக வழியில்லாமல் நிறைந்தாலும் ஆலை முழுதும் நிற்கும். பிளாஸ்டிக்குக்கு வாயு வேண்டும் என்று அழுதுகொண்டிருப்பீர்கள், அங்கே கனஎண்ணெய் கழுத்துமட்டும் நின்றுகொண்டிருக்கும்.

சம்மாந்துறையில் ஒரு கூட்டாளியின் வாப்பாவுக்கு அரிசி ஆலை இருக்கிறது. இந்தப் பிழையை அவனுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "உமிக் குழாய் அடைச்சா அரிசியும் வராது" என்று அவனே சொல்லிவிட்டான். அரிசிக்குத்தான் ஆலை வைத்திருக்கிறோம், ஆனாலும் உமியை அள்ள ஆள் வேண்டும்.

உடனடி மருந்து ஒரு தொட்டி. 25,000 பிடிக்கும், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு அதுவும் நிறையும். நிரந்தர மருந்து உடைப்பது: 40 கனஎண்ணெய் 30 மெல்லெண்ணெயாகும், 30 மெல்லெண்ணெய் 20 வாயுவாகும், இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். கனஎண்ணெயை முழுவதும் உடைத்துவிடாதீர்கள், மசகெண்ணெய்க்கு அதுதான் மூலம். தொட்டியில் குறித்த அளவுக்கு மேல் சேர்ந்தால் மட்டும் உடைக்கும்படி ஒரு பம்பைக் கம்பியால் தொடுத்து வைப்பது ஆகச் சிறந்த வழி. கம்பித் தொடுப்பில் சிக்கினால் தனியாக மல்லாடாதீர்கள், தெரிந்த ஒருத்தனிடம் சேவ் கோப்பை அனுப்புங்கள். அது ஒரே ஒரு ஸிப் கோப்புத்தான், வட்ஸ்அப்பில் போகும். ஸ்கிரீன்ஷொட்டில் குழாயின் உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

## அறிகுறி: ரயில் சந்தியில் முகத்துக்கு முகம் நிற்கிறது

சிக்னல் ரயில் போகும் திசைக்கு வலப்பக்கம் இருக்கவேண்டும். சந்திக்குள் நுழையும் இடத்தில் சங்கிலிச் சிக்னல், வெளியேறும் இடத்தில் சாதாரணச் சிக்னல். வெளியேறும் சிக்னலுக்குப் பிறகு ஒரு முழு ரயில் நிற்க இடம் வேண்டும். இதில் ஒன்று பிசகினால் எல்லாம் பிசகும். ஆறு ரயிலுக்கு மேல் ஓடுகிறது, சந்தி எங்கே என்றே தெரியவில்லை என்றால் சரிப்படுத்த முயலாதீர்கள். ரயில்களைக் கையால் ஓட்டி வெளியே எடுத்துவிட்டு அந்தச் சந்தியை முழுதாகக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள்.

## அறிகுறி: பூச்சிகள் வந்து கடித்துக்கொண்டே இருக்கின்றன

வரைபடத்தில் மாசைத் திறந்து பாருங்கள். அந்தச் சிவப்பு மேகம் எந்தக் கூட்டைத் தொடுகிறதோ அங்கிருந்துதான் வருகிறார்கள். அந்தப் பக்கம் துப்பாக்கிக் கோபுரம், அதற்குள் தோட்டா. கோபுரம் நட்டுவிட்டுத் தோட்டா போட மறந்தவர்கள் பட்டியல் நீளம். சண்டையே பிடிக்காது என்றால் புதிய உலகம் தொடங்கும்போது எதிரிகள் தாங்களாக வராத அமைதி முறையைத் தெரிவுசெய்யலாம். அதைக் கள்ள விளையாட்டு என்று சொல்கிறவனோடு கதைக்காதீர்கள்.

## அறிகுறி: லப்டொப் கொதிக்கிறது, எல்லாம் இழுபடுகிறது

இந்த விளையாட்டு நொடிக்கு 60 தடவை தொழிற்சாலை முழுவதையும் கணக்குப் பார்க்கும். இயந்திரத்தால் முடியாவிட்டால் விளையாட்டுக்குள்ளே நேரமே மெதுவாகப் போகும்.

சார்ஜர் செருகியிருக்கிறதா? பட்டரியில் ஓடினால் பல லப்டொப்புகள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். மெத்தையில், தலையணையில் வைத்திருக்கிறீர்களா? அடியில் காற்றுத் துவாரம் அடைபடும், மேசைக்கு மாற்றுங்கள். படத்தரத்தைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் மாற்றமில்லை என்றால் பிரச்சினை படத்தில் இல்லை, கணக்கில். தொழிற்சாலை அந்த இயந்திரத்துக்குப் பெரிதாகிவிட்டது.

ஒரு வருசத்துக்கு மேல் திறந்து துடைக்காத லப்டொப் என்றால் விசிறியில் தூசு. நான் இருப்பது கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் தூசு பசை மாதிரி ஒட்டும். இதை நீங்களே திறக்கவேண்டாம், திருத்துகிற கடைக்குக் கொண்டுபோங்கள். விசிறி உரசுகிற சத்தம் வந்தாலும், நடுவில் தானாக அணைந்தாலும் அப்படியே. பட்டரி வீங்கி டச்பேட் மேலே தள்ளினால் அன்றைக்கே அணைத்து, சார்ஜ் போடாமல் கொண்டுபோங்கள். தொட்டால் உடம்பில் சுள்ளென்றால் லப்டொப்காரனோடு வயரிங் செய்கிறவரையும் கூப்பிடுங்கள், வீட்டு எர்த்தைப் பார்க்கவேண்டும்.

டெஸ்க்டொப்காரருக்கு ஒன்று. தானாகச் சேமிக்கும் இடைவெளியை அமைப்பில் குறைத்து வையுங்கள். 2022-ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் நான் பழகிய பழக்கம், இன்னும் விடவில்லை.

## அறிகுறி: திறக்கிறேன், பார்க்கிறேன், மூடுகிறேன்

தொழிற்சாலையில் பிழையில்லை, ஆனால் கை போகவில்லை. பெரும்பாலும் நீலப் போத்தலில்தான் இது வரும். சிவப்பும் பச்சையும் இரும்பும் செம்பும்தான். நீலத்தில் திடீரென்று எண்ணெய், குழாய், பிளாஸ்டிக், உருக்கு எல்லாம் ஒரேயடியாக வந்து நிற்கும்.

மலிவான மருந்து: பழையதை இடிக்காதீர்கள். பெல்ட்டுகள் இடியப்பம் மாதிரிக் கிடக்கட்டும். அசிங்கமாக ஓடுகிற தொழிற்சாலைதான் புதியதைக் கட்டச் சாமான் தரும். இடித்துவிட்டு வெறும் நிலத்தில் நின்றவர்கள் திரும்ப வருவதில்லை. புதிய உலகம் தொடங்குவது ஆகக் கடைசி வழி, ஆகச் செலவான வழியும் அதுதான்.

மருமகன் ஒரு மாதம் இப்படிக் கிடந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது அவனுடைய கொப்பியை வாங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நீலப் போத்தலுக்கு: எஞ்ஜின் 2 (அசெம்பிளரில் செய்கிற பாகம், கரண்ட் தருகிற நீராவி எஞ்ஜின் அல்ல), சிவப்பு சேர்கிட் 3, கந்தகம் 1. "ஒரு இரவைக்கு ஒண்டுதான் மனே. இண்டைக்குக் கந்தகம். மற்ற ரெண்டையும் திரும்பியும் பார்க்கப்படாது." முகத்தைச் சுளித்தான். ஆனால் கந்தகம் அன்றைக்கே வந்துவிட்டது. அடுத்த நாள் எஞ்ஜின். சிவப்பு சேர்கிட்டுக்கு இரண்டு இரவு போனது. ஒரு கை திரும்பிக் கிடந்திருக்கிறது, அவனே கண்டுபிடித்திருக்கிறான்.

வியாழக்கிழமை தங்கச்சி ஒரு வீடியோ அனுப்பினாள். திரையில் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் முதல் நீலப் போத்தலைக் கை தூக்கிப் போடுகிறது. இவன் கீபோர்ட்டைத் தொடாமல், கதிரையில் இரண்டு காலையும் தூக்கி மடித்துக்கொண்டு, சும்மா பார்த்தபடி இருக்கிறான். பின்னால் தங்கச்சியின் குரல், சோறு ஆறுது என்று. பதில் இல்லை.

பத்தரைக்கு என் போன் அடித்தது.

"மாமா, இப்ப செம்பு காணாது."